பெயரை மாற்றினால் போதாது: மனநல சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பணிபுரியும் மனநல மருத்துவர்கள், மருத்துவ உளவியலாளர்கள், உளவள ஆலோசகர்கள், அவர்களைப் பணியில் வைத்திருக்கும் மருத்துவமனை, கல்லூரி, நிறுவன நிர்வாகிகள் அனைவருக்கும்,

"போன வாரம் என்கிட்ட ஒரு பொண்ணு வந்தாங்க" என்று தொடங்கும் காணொளிகள் இப்போது நாள்தோறும் வருகின்றன. அந்தப் பெண்ணின் வயது, வேலை, கணவர் சொன்ன சொல், மாமியார் செய்த காரியம், அவர் அழுதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் உங்கள் கைப்பேசி எண்ணும் வருகிறது. இது ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கின்றன. பெயரை மாற்றிவிட்டோம். படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். விழிப்புணர்வுக்காகத்தான் செய்கிறோம். காணொளி பக்கமே போகாதவர்களிடம் நான்காவதாக ஒன்று இருக்கிறது: குடும்பத்தாரிடம்தானே சொன்னோம்.

சிகிச்சை அறைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே கேஸ் ஷீட்டுகளையும் சான்றிதழ்களையும் தொலைபேசி அழைப்புகளையும் கையாளும் மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த நான்கு பதில்களும் செல்லாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெயரிலிருந்து தொடங்குவோம். இதோ நாங்கள் கற்பனையாக எழுதிய ஒரு வரி: "தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை, கணவர் இறந்து இரண்டாம் திருமணம், மூத்த மகன் கனடாவில்." இதில் பெயர் இல்லை. அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் ஒருவரை அடையாளம் காட்டுவது பெயரைவிட அதிகமாக அவருடைய ஊர், சாதி, தொழில், சம்பந்தம் செய்த இடம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆகியவைதான். இவற்றில் எவையேனும் மூன்று சேர்ந்துவிட்டால் ஆள் தெரிந்துவிடும். நீங்கள் எந்த நகரத்தில் தொழில் செய்கிறீர்கள், எந்தக் கிழமையில் எந்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறீர்கள் என்பது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பார்ப்பவர் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். "போன வாரம்" என்ற ஒரு சொல்லே காத்திருப்புக் கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்குள் தேடலைச் சுருக்கிவிடுகிறது.

அடையாளத்தை நீங்கள் எவ்வளவு திறமையாக மறைத்தாலும் ஒருவர் மட்டும் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவார்: அந்தக் கதைக்கு உரியவர். தன் வாயிலிருந்து வந்த அதே வாக்கியத்தை உங்கள் குரலில், பின்னணி இசையோடு அவர் கேட்கிறார். அடுத்த முறை வரும்போது பாதியைச் சொல்லமாட்டார், அல்லது வரவே மாட்டார். அவர் நின்றுவிட்டதன் காரணம் உங்களுக்குத் தெரியாது. "ஃபாலோ அப் வரவில்லை" என்று கோப்பில் எழுதி மூடுவீர்கள். அந்தக் காணொளியைப் பார்க்கும் உங்கள் மற்ற கிளையண்டுகளும் நாளைக்கு நம் கதை வரும் என்று கணக்கிட்டு, முக்கியமானதை விழுங்கிவிடுவார்கள். போதைப் பழக்கத்தையும் தற்கொலை எண்ணத்தையும் சிகிச்சையாளரிடம் மறைப்பவருக்கு எந்த மருந்தும் எந்த முறையும் ஒழுங்காகப் போய்ச் சேராது. எனவே யாருக்கும் தெரியாதபடி மாற்றிச் சொன்னாலும் சம்மதம் வேண்டும். எழுத்துக்கும் உரைக்கும் எடுத்துக்காட்டு தேவைப்பட்டால், குறைந்தது மூன்று நான்கு பேருடைய அனுபவங்களைக் கலந்து புதிதாக ஒருவரை உருவாக்குங்கள். அப்படிச் செய்திருப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். யாருடைய நேரடி வாக்கியமும் அதில் இருக்கக் கூடாது.

அடுத்தது கையெழுத்து. சேர்க்கைப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகவரி, ஆதார் எண், அவசரத் தொடர்பு, கட்டண விதி. இவற்றுக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரே வரி: சிகிச்சை, பயிற்சி, ஆய்வு, விழிப்புணர்வு நோக்கங்களுக்காக என் தகவல்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். மூன்று நாள் தூங்காமல், கை நடுங்க ரிசப்ஷனில் நிற்கும் ஒருவர் அதில் கையெழுத்துப் போடுகிறார். போடாவிட்டால் டோக்கன் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும், அல்லது அப்படி நினைக்கிறார். இதைச் சம்மதம் என்று எந்த அகராதியில் எழுதியிருக்கிறது?

2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்கு என்னென்ன இயல்புகள் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. வற்புறுத்தல் இல்லாதது, குறிப்பிட்ட நோக்கத்துக்கானது, விவரம் அறிந்து தருவது, நிபந்தனையற்றது, ஐயத்துக்கு இடமில்லாதது. அறிவிப்பையும் சம்மதப் படிவத்தையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் நடைமுறைக்கு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2011-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளே மனநலம் பற்றிய தகவலை நுண்ணுணர்வுத் தகவல் என்று வகைப்படுத்தி, அதைச் சேகரிக்க எழுத்துப்பூர்வச் சம்மதம் கேட்டன.

ஒழுங்கான படிவம் எப்படி இருக்கும்? சேர்க்கைப் படிவத்திலிருந்து தனித் தாள். தமிழில், பெரிய எழுத்தில். முதல் நாள் கேட்பதற்கு இல்லை. ஆள் சற்று நிதானப்பட்ட பிறகு, மூன்றாவது நான்காவது அமர்வில் கேட்பதற்கு. அதில் ஐந்து கேள்விகள் தனித்தனியாக: மேற்பார்வையாளரிடம் பெயரின்றி விவாதிக்கலாமா? பயிற்சி மாணவர் உடன் உட்காரலாமா? ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்யலாமா? கட்டுரையிலோ வகுப்பிலோ பயன்படுத்தலாமா? பொதுவெளியில் பேசலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எதிலும் குறியிடாமல் விட்டால் இல்லை என்றே பொருள். ஐந்துக்கும் இல்லை என்றாலும் கட்டணமோ நேரமோ மருத்துவரோ மாறாது என்ற வரி மேலேயே இருக்க வேண்டும். ஒரு நகல் அவர் கையில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வைத்து மறுபடி கேளுங்கள்.

பயிற்சி மாணவரைப் பற்றிக் கேட்கும்போது மாணவர் அறைக்குள் இருக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது.

ஐந்தாவது கேள்விக்கு ஆம் என்று குறியிட்டவரிடமும் அதோடு முடிவதில்லை. சொல்லப்போவதை முழுவதுமாக எழுதி அவரிடம் கொடுங்கள். யோசிக்க இரண்டு வாரமாவது விடுங்கள். இணையத்தில் ஏறியதை முழுமையாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதைச் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் திருமணமாகவில்லை என்றால், வரன் பார்க்கும் வீட்டார் இதைப் பார்க்கக்கூடும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டணச் சலுகைக்குப் பதிலாக இதைக் கேட்காதீர்கள். படிவத்திலுள்ள பொதுக் கேள்வியைத் தவிர, இந்தக் கதையைச் சொல்லலாமா என்று சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் அறவே கேட்காதீர்கள். உங்களை நம்பி இருப்பவர் உங்களுக்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகள், சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்பதையே தடுத்திருக்கின்றன. காரணம் இதுதான்.

விழிப்புணர்வு என்ற பதிலுக்கு அதிக நேரம் தேவையில்லை. மனச்சோர்வின் அறிகுறிகளையும், மாத்திரை வேலை செய்யத் தொடங்க ஏன் சில வாரம் ஆகும் என்பதையும், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் சொல்ல யாருடைய அந்தரங்கமும் வேண்டாம்.

குடும்பம்தான் இங்கே கடினமான இடம். நம் நாட்டில் மனநல சிகிச்சைக்குத் தனியாக வருபவர் குறைவு. அழைத்து வருவது, பணம் கட்டுவது, மாத்திரை வாங்குவது, இரவில் கூட இருப்பது எல்லாம் குடும்பம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு சிகிச்சை செய்யச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் நடப்பது வேறு. நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கணவரை உள்ளே கூப்பிட்டு, அவர் மனைவி முக்கால் மணி நேரம் சொன்னதை ஐந்து நிமிடத்தில் ஒப்பிக்கிறார்கள். தாயார் தொலைபேசியில் "நேத்து என்ன சொன்னான் டாக்டர்?" என்று கேட்டால் பதில் போகிறது. மறுமுனையில் பேசுவது உண்மையில் தாயார்தானா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநல நிலை, சிகிச்சை, உடல்நலப் பராமரிப்பு ஆகியவை பற்றிய இரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. விதிவிலக்குகளையும் அதே பிரிவு வரிசைப்படுத்துகிறது. நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணைநிற்க நியமிக்கப்பட்டவருக்கு, அவருடைய கடமையைச் செய்வதற்காக. சிகிச்சை தரும் பிற மருத்துவப் பணியாளர்களுக்கு. இன்னொருவருக்கு வரவிருக்கும் தீங்கைத் தடுக்க. அதிலும் அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான தகவல் மட்டும். உயிருக்கு ஆபத்து வரும்போது, தேவையான அளவு. மனநல மறுஆய்வு வாரியம், நீதிமன்றம் போன்ற அதிகாரமுள்ள அமைப்பின் உத்தரவு. பொதுப் பாதுகாப்பு. இந்தப் பட்டியலில் "கணவர்" என்ற சொல் இல்லை, "பணம் கட்டுபவர்" என்பதும் இல்லை.

நியமனப் பிரதிநிதி என்ற ஏற்பாட்டைப் பல இடங்களில் யாரும் நோயாளியிடம் சொல்வதே இல்லை. 14-ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து தனக்கு நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். பின்னர் மாற்றவும் செய்யலாம். முத்திரைத் தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். யாரையும் நியமிக்காமல் விட்டால்தான் சட்டம் வரிசைப்படி உறவினரிடம் போகிறது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு அந்த உறவினர் யாராக அமைவார் என்று யோசியுங்கள். அவர் தன் தங்கையையோ தோழியையோ நியமிக்க விரும்பியிருப்பார், ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள், உடன் வந்தவர் வெளியே இருக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பிரதிநிதியாகவே இருந்தாலும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. தற்கொலை எண்ணம் இருக்கும் இளைஞனின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ரெண்டு நாளைக்கு ராத்திரி தனியா விடாதீங்க. மாத்திரையைப் பூட்டி வெச்சு வேளைக்கு எடுத்துக் கொடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நடுவுல பயமா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க." அவன் யாரைக் காதலிக்கிறான், எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறான், தன்பால் ஈர்ப்பு உள்ளவனா என்பதில் எதுவும் அந்த இரவைக் கடக்க உதவாது. கடைசியாகச் சொன்னதை வீட்டில் போட்டு உடைத்தால், அன்றே அவனைத் தெருவில் நிறுத்தியதாகவும் ஆகலாம். பாலீர்ப்பை மாற்றும் "சிகிச்சை"களில் ஈடுபடும் தொழில்முறையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சொல்லிவிட்டது. அந்தச் சிகிச்சைக்குப் பெற்றோர் பிள்ளையை இழுத்துப் போவது, யாரோ ஒருவர் அவர்களிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் கணக்கு மாறும். சட்டப்படி பாதுகாவலரே பிரதிநிதி. அங்கேயும் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து, எதைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்பதை முதல் அமர்விலேயே பேசி முடியுங்கள். வருகை, பொதுவான முன்னேற்றம், ஆபத்து: இவை பெற்றோருக்கு. பிள்ளை உதிர்த்த சொற்கள் பிள்ளைக்கு.

வாய்தவறிச் சொன்ன ஒன்று எங்கே போய் நிற்கும் என்பதற்குக் குடும்ப நீதிமன்றமே சான்று. இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனக்கோளாறு விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று. இன்று அக்கறையோடு ஓபி சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகும் துணைவர், ஆறு மாதம் கழித்து அதை மனுவோடு இணைக்கலாம். நம் சாட்சியச் சட்டம் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையேயான பேச்சுக்குத் தரும் காப்பைச் சிகிச்சையாளருக்குத் தரவில்லை. எனவே கோப்பில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் உரக்கப் படிக்கப்படலாம் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். "மாமியார் மீது கோபம், சந்தேகப் புத்தி" என்று எழுதுவதற்கும் "குடும்ப உறவில் நெருக்கடி, மாயநம்பிக்கை காணப்படவில்லை" என்று எழுதுவதற்கும் தூரம் அதிகம். அமர்வில் நீங்கள் கிறுக்கும் சொந்தக் குறிப்புகளைப் பொதுக் கேஸ் ஷீட்டோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள். அதையும் நீதிமன்றம் கேட்கலாம், ஆனால் கம்பவுண்டரும் பில்லிங் பிரிவும் படிக்கமாட்டார்கள்.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு ஆகாது. காவல் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசியும் ஆகாது. எழுத்தில் கேளுங்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் என்று கேளுங்கள், பதில் எழுதும் முன் உங்கள் வக்கீலையும் நோயாளியையும் கலந்து பேசுங்கள். சம்மன் வந்தால் கேட்ட பக்கங்களை மட்டும் மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடம் ஒப்படைத்து, திறந்த நீதிமன்றத்தில் படிக்க வேண்டாம் என்று வேண்டுங்கள். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மூடிய அறை விசாரணைக்கு வழி விடுகிறது. தரப்பினரில் ஒருவர் கேட்டாலே போதும். இதை நோயாளியிடம் சொல்லுங்கள். அவருடைய வக்கீலுக்கே நினைவில்லாமல் இருக்கலாம்.

கல்லூரி, நிறுவன ஆலோசகர்களே, உங்கள் சிக்கல் எங்களுக்குப் புரிகிறது. சம்பளம் தருபவர் கேட்கிறார். அதனால்தான் வேலையில் சேரும் முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்: நிர்வாகத்துக்குப் போவது மாத எண்ணிக்கை மட்டும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள். ஆறு பேர் உள்ள கணக்குப் பிரிவில் "ஒருவருக்குக் குடும்ப வன்முறை" என்று எழுதினால், மறுநாள் மதிய உணவு நேரத்துக்குள் அது யார் என்று பேசி முடித்திருப்பார்கள். விடுப்புச் சான்றிதழில் "மருத்துவ ஓய்வு தேவை" என்பதும் தேதிகளும் போதும். நோயின் பெயர் எழுதாவிட்டாலும் "மனநல மருத்துவமனை" என்று தலைப்பில் அச்சிட்ட தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்தச் சொல் இல்லாத இன்னொரு தாளையும் அச்சிட்டு வையுங்கள். குழுக் காப்பீட்டில் பணம் கோரும்போது நோய்க் குறியீடு யார் யார் மேசை வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொன்னால், சிலர் கைக்காசைச் செலவழிக்கவே விரும்புவார்கள். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

இனி, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத, ஆனால் நாள்தோறும் நடக்கும் கசிவுகள். வாட்ஸப் பரிந்துரைக் குழுக்களில் இப்படிச் செய்தி வருகிறது: பெண், 28, ஐடி, வேளச்சேரி, விவாகரத்து வழக்கு, கைக்கீறல், யாராவது பாருங்கள். இருநூறு பேர் உள்ள குழுவில் அவருடைய நாத்தனாரின் தோழி இருக்கமாட்டார் என்று யார் உறுதி சொன்னது? நோயாளியை விவரிக்காமல், உங்களுக்கு வேண்டிய சிகிச்சையாளரை விவரியுங்கள்: "தமிழ் பேசும் பெண் சிகிச்சையாளர், தென் சென்னை, மாலை ஆறுக்குப் பிறகு, நெருக்கடி நிலைகளில் அனுபவம்." பதில் சொல்பவரிடம் மட்டும், நோயாளியின் அனுமதியோடு, தனியாகப் பேசுங்கள்.

கைப்பேசியில் "செல்வி டிப்ரஷன்" என்று எண்ணைச் சேமித்தால், தொடர்புப் பட்டியலைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுத்த ஒவ்வொரு செயலியும் அதைப் படிக்க முடியும். பணிக்குத் தனி எண்ணும் தனிக் கைப்பேசியும் வையுங்கள். பெயருக்குப் பதில் கோப்பு எண்ணைச் சேமியுங்கள். நினைவூட்டல் குறுஞ்செய்தியில் "கவுன்சிலிங்" என்ற சொல் வேண்டாம். "நாளை 5 மணி, உறுதி செய்யவும்" போதும். எந்த எண்ணுக்கு அனுப்பலாம், அழைக்கும்போது வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பினால் உங்கள் மையத்தின் பெயர் அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தில் பதியும். கூட்டுக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதை முன்பே சொல்லி, ரொக்கமாகக் கட்டவும் வழி விடுங்கள்.

வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருபவர் தன் பெயரை எழுதும்போது மேலே உள்ள இருபது பெயரையும் படிக்கிறார். ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்ட ஆலோசனை அறைகளில் பக்கத்து நாற்காலிக்கு எல்லாம் கேட்கிறது. கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டாலே பேச்சு புரியாமல் போகும். முழுப் பெயரை உரக்கக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிடுங்கள்.

இணையவழி அமர்வில் எல்லாருக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்து, காத்திருப்பு அறை வசதியை அணைத்து வைத்தால், ஆறு மணிக்காரர் ஐந்து ஐம்பதுக்கே உள்ளே வந்து முந்தையவரின் முகத்தைப் பார்ப்பார். தொடங்கும்போது "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? ஆம், இல்லை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள், திடீரென யாராவது வந்தால் சொல்ல ஒரு குறிச்சொல்லை முதலிலேயே பேசி வையுங்கள். அமர்வுக் குறிப்பைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டிச் சுருக்கம் எழுதச் சொல்லும் பழக்கமும் பரவுகிறது. அது நோயாளியின் தகவலை மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதுதான். அதற்கும் தனிச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் செய்யாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் இரகசிய உரிமை பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதைத் தடுப்பதும் அதே பிரிவுதான்.

"என்னிடம் வருபவர் மனநோயாளி இல்லை, தேர்வுப் பயத்துக்கு ஆலோசனை கேட்டு வருபவர், இந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் வரையறையைப் பிடித்துக்கொண்டு அப்படி வாதாடலாம்தான். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னபோது, அதை நோய்க்குறி உள்ளவர்களுக்கு மட்டும் என்று வகுக்கவில்லை. "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று உங்கள் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் அந்த மாணவி வந்தாள்.

எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தொடக்கத்தில் சொல்லாமல் விடுவதும் ஏமாற்றுதான். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. இதைச் சொல்லாமல் பேசவைத்து, பேசிய பிறகு "சட்டம்மா, நான் சொல்லியே ஆகணும்" என்றால், அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது துரோகம். முதல் அமர்வில் சொல்ல வேண்டியது ஒரு நிமிடம்கூட ஆகாது:

"நீங்க இங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். மூணு விஷயத்துல மட்டும் அப்படி வெச்சிருக்க முடியாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, அதைத் தடுக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா, போலீசுக்குச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. கோர்ட்டு உத்தரவு போட்டா, கேட்டதைக் கொடுக்கணும். இந்த மூணுலயும் முடிஞ்சவரைக்கும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். புரியலைன்னா இப்பவே கேளுங்க."

எங்கள் கோரிக்கைகள் இவை.

சிகிச்சையாளர்கள்: மேலே உள்ள வாசகத்தையோ அதற்கு இணையானதையோ ஒவ்வொருவரிடமும் முதல் அமர்வில் சொல்லி, சொன்னதைக் கோப்பில் தேதியோடு எழுதுங்கள். அதே அமர்வில் நியமனப் பிரதிநிதி யார் என்று தனியாகக் கேளுங்கள். குடும்பத்தாரிடம் பேசும் முன், என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை நோயாளியிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்வதை, உயிருக்கு ஆபத்து இல்லாத வரை, நீக்குங்கள்.

மருத்துவமனை, ஆலோசனை மைய நிர்வாகிகள்: சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியை நீக்கிவிட்டு, தனிச் சம்மதத் தாளை மூன்று மாதத்துக்குள் தமிழில் கொண்டு வாருங்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று பதிவாகும் வசதி இல்லாத கணினி முறையில் மனநலக் கோப்புகளை வைக்காதீர்கள். நோயாளி தன் ஆவணங்களைக் கேட்டால் அலையவிடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது, 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கின்றன.

கல்லூரிகளும் நிறுவனங்களும்: ஆலோசகரிடம் பெயர்ப் பட்டியல் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதை ஆலோசனை அறை வாசலில் மாணவரும் ஊழியரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.

சிகிச்சையாளர்களின் தொழில்முறைச் சங்கங்களும் பயிற்சி நிறுவனங்களும்: பொதுவெளியில் நோயாளிகளைப் பற்றிப் பேசுவதற்கான விதிகளைத் தமிழில் எழுதி வெளியிடுங்கள். மீறியவர் மீது புகார் தர ஒரு முகவரியும், புகாருக்குப் பதில் சொல்ல ஒரு கால வரம்பும் அதில் இருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, முதல் மீறலுக்கே ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது என்பதை உங்கள் மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே கற்றுக் கொடுங்கள்.

காணொளி வெளியிடுபவர்கள்: ஏற்கெனவே ஏற்றியவற்றை இந்த வாரமே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள், வெட்டி மற்ற பக்கங்களில் போட்ட துண்டுகளையும் சேர்த்து. பிறகு அந்தக் கதைக்கு உரியவரை, அவர் கொடுத்த எண்ணில், அவர் தனியாக இருக்கும் நேரம் கேட்டு அழைத்து, என்ன வெளியானது, எவ்வளவு நாள் இருந்தது, எப்போது நீக்கினீர்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் வேறு சிகிச்சையாளரிடம் போக விரும்பினால், கட்டணம் கேட்காமல் கோப்பின் நகலைக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர்